படிக்காத கார்டெல்லாம் பழுதான கார்டு அல்ல

போட்டோ பிரிண்ட் போடும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “கார்டு கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணாத்தான் எடுக்கும்.” கடைக் கணினியில் மெமரி கார்டைச் செருகியதும், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று திரையில் ஓர் அறிவிப்பு எழுகிறது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று ஃபார்மட், மற்றது ரத்து. காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று ஒரு குடும்பம் சேர்த்துவைத்த படங்கள் பிழைப்பதும் போவதும் அந்த நேரத்தில் விரல் எதன்மீது விழுகிறது என்பதைப் பொறுத்தது. கார்டு உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தாலும் இதே அறிவிப்புதான் வரும். கார்டு நல்ல நிலையில் இருந்து, அதைப் படிக்கும் முறை மட்டும் அந்தக் கணினிக்குத் தெரியாமல் போனாலும் இதே அறிவிப்புதான் வரும். எது பழுது, எது பொருந்தாமை என்று அந்தத் திரை பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே அந்த வித்தியாசம் படத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘படிக்கவில்லை’ என்று திரும்பி வரும் கார்டைப் பழுது என்று முடிவு கட்டுமுன் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது.

ஒரு படம் கார்டிலிருந்து காகிதத்துக்கு வர நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் கார்டு துளைக்குள் பொருந்த வேண்டும். அடுத்து, கார்டுக்குள் இருக்கும் சிப்பிடம் தகவல் கேட்டு வாங்கும் முறை பிரிண்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, கார்டில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், அதற்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும். கடைசியாக, ஃபோல்டரின் பெயரும் படத்தின் வகையும் அது எதிர்பார்க்கிறபடி அமைய வேண்டும். நான்கில் எங்கே தடைப்பட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: படம் வரவில்லை. ஆனால் இந்தத் தடைகளில் எதுவும் கார்டில் உள்ள படங்களைத் தொடுவதில்லை. அவை எழுதப்பட்ட இடத்தில் எழுதப்பட்டபடியே இருக்கின்றன.

வடிவச் சிக்கல் பழையது. கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு கார்டைக் கொண்டுவந்தார்கள். 1994-ல் சான்டிஸ்க் நிறுவனத்தின் காம்பாக்ட்ஃப்ளாஷ், 1995-ல் தோஷிபாவின் ஸ்மார்ட்மீடியா, 1998-ல் சோனியின் மெமரி ஸ்டிக், 2002-ல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து வெளியிட்ட எக்ஸ்டி என்று வரிசை நீண்டது. 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் கூடி அறிவித்த எஸ்டி கார்டு நாளடைவில் மற்றவற்றை ஓரங்கட்டியது. எக்ஸ்டியை உருவாக்கியவர்களே எஸ்டிக்கு மாறினார்கள்; 2010-ல் சோனியும் தன் கேமராக்களில் எஸ்டிக்கு இடம் கொடுத்தது. இன்று அலமாரியில் ஒரு பழைய எக்ஸ்டி கார்டு கிடந்தால், கடைகளில் இருக்கும் கார்டு ரீடர்கள் பலவற்றில் அதற்குத் துளையே இல்லை. இது தொல்லைதான், ஆனாலும் இதில் ஆபத்து இல்லை. உள்ளே போகாத கார்டைக் கெட்டுப்போன கார்டு என்று யாரும் சொல்வதில்லை, அதை ஃபார்மட் செய்யவும் வழியில்லை. உள்ளே நன்றாகப் போய் உட்கார்ந்த பிறகும் படிக்கப்படாத கார்டுதான் வம்பில் மாட்டுகிறது.

அந்த வம்பு எஸ்டி கார்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் கனம் என்ற உருவம் ஆரம்பம் முதல் இன்றுவரை மாறவில்லை. ஆனால் அந்த ஒரே உருவத்துக்குள் நான்கு தலைமுறைகள் இருக்கின்றன. முதலில் வந்த எஸ்டி, 2 ஜிபி வரை. 2006-ல் வந்த எஸ்டிஎச்சி, 32 ஜிபி வரை. 2009-ல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி, 2 டெராபைட் வரை. 2018-ல் அறிவிக்கப்பட்ட எஸ்டியூசி, 128 டெராபைட் வரை. முதல் தலைமுறையில் கேமராவோ பிரிண்டரோ கார்டிலுள்ள ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி முகவரி எண் சொல்லிக் கேட்டது. கொள்ளளவு ஏறியபோது அந்த எண்கள் போதவில்லை. அதனால் எஸ்டிஎச்சியில் 512 பைட்டுகள் சேர்ந்த தொகுதிக்கு ஓர் எண் என்று முறையை மாற்றினார்கள். வீட்டுக்கு ஓர் எண் என்று இருந்த ஊரில் தெருவுக்கு ஓர் எண் என்று மாற்றிவிட்டால், பழைய முறையில் பழகிய தபால்காரர் தடுமாறத்தானே செய்வார்? எஸ்டிஎச்சி வருவதற்கு முன் தயாரான பிரிண்டரில் 8 ஜிபி கார்டைச் செருகினால் நடப்பதும் அதுதான். கார்டு சரியாக உட்காரும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: புதிய கருவி பழைய கார்டைப் படிக்கும், பழைய கருவி புதிய கார்டைப் படிக்காது. பொருத்தம் என்பது இங்கே ஒருவழிப் பாதை. பிரிண்ட் விஷயத்தில் இந்த விதி நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. போனையும் கேமராவையும் நாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். கடையில் இருக்கும் பிரிண்ட் எந்திரம் பெரிய முதலீடு. போட்ட பணம் திரும்பும்வரை, அதற்குப் பிறகும்கூட, அது ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு பிரிண்டரும் அப்படித்தான், பழுதாகும்வரை யாரும் மாற்றுவதில்லை. ஆகவே புதிய கார்டு பழைய கருவியைச் சந்திப்பது பிரிண்ட் போடும் இடத்தில் சகஜம். கார்டு வாங்கும்போது நாம் பார்க்கும் எண்களும் இதற்கு உதவுவதில்லை. வட்டத்துக்குள் 10, யூ எழுத்துக்குள் 3 என்பவை வேகத்தைச் சொல்பவை. பிரிண்ட் போட அவை பெரிதாகத் தேவையில்லை. யூஎச்எஸ் வகையைக் குறிக்கும் ரோமன் ஒன்று, இரண்டு ஆகியவையும் வேகத்தைப் பற்றியவைதான். அந்த வேகம் இல்லாத ரீடரில் கார்டு மெதுவாக ஓடுமே தவிர நின்றுவிடாது. பார்க்க வேண்டியது எஸ்டி என்ற முத்திரையின் அடியில் எச்சி என்று இருக்கிறதா, எக்ஸ்சி என்று இருக்கிறதா என்பதைத்தான். அதே முத்திரை பிரிண்டரின் துளைக்கு அருகிலோ அதன் கையேட்டிலோ இருந்தால் பொருந்தும்.

32 ஜிபியைத் தாண்டியதும் மூன்றாவது தடை வருகிறது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகளில் கோப்புகள் ஃபேட்32 என்ற முறையில் அடுக்கப்படுகின்றன. இது ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் தெரிந்த முறை. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளுக்கு எக்ஸ்ஃபேட் என்ற முறை விதிக்கப்பட்டது. இதை 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பெரிய வீடியோக்களுக்கு இது தேவைதான், ஏனென்றால் ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆனால் எக்ஸ்ஃபேட் நீண்ட காலம் உரிமக் கட்டுப்பாட்டில் இருந்தது. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டது 2019-ல்தான். அதுவரை தங்கள் கருவியில் அதைச் சேர்க்க விரும்பிய தயாரிப்பாளர்கள் உரிமம் பெற வேண்டியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு இதற்கென்றே தனி அப்டேட் தேவைப்பட்டது. அந்த அப்டேட் இல்லாத எக்ஸ்பி கணினியில் 64 ஜிபி கார்டைப் போட்டால், ‘ஃபார்மட் செய்’ என்ற அதே அறிவிப்பு வரும். கார்டில் ஆயிரம் படங்கள் முழுதாக இருக்கும். கணினிக்கு அது வெற்றுத்தகடாகத் தெரியும்.

போன் கார்டுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மைக்ரோ எஸ்டியைப் பெரிய துளையில் போட உதவும் அடாப்டரில் மின்னணு வேலை எதுவும் இல்லை. எட்டுத் தொடுமுனைகளைப் பெரிய கார்டின் தொடுமுனைகளோடு இணைக்கும் கம்பிகள்தான் உள்ளே இருக்கின்றன. ஆகவே 128 ஜிபி மைக்ரோ கார்டு அடாப்டருக்குள் போனாலும் எஸ்டிஎக்ஸ்சிதான். பழைய ரீடருக்கு அதைப் புரியவைக்க அடாப்டரால் முடியாது. இதைவிட முக்கியமானது, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த வசதி. கார்டைப் போனின் உள் சேமிப்பாகவே மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. அப்படி மாற்றியதும் போன் அந்தக் கார்டைப் பூட்டிக் குறியாக்கம் செய்துவிடும். திறக்கும் சாவி அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். அந்தக் கார்டைக் கழற்றிக் கடையில் கொடுத்தால் உலகில் எந்தக் கணினியாலும் படிக்க முடியாது. கடையில் அதை ஃபார்மட் செய்துவிட்டால், மீட்பு மென்பொருளால் கிடைப்பதும் குறியாக்கம் செய்யப்பட்ட குப்பைதான். இந்த ஒரு வகையில் தவறுக்குத் திருத்தமே இல்லை.

நான்காவது தடை, படத்தின் பெயரிலும் வகையிலும் இருக்கிறது. கேமராக்கள் கார்டில் டிசிஐஎம் என்றொரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் 100 முதல் 999 வரையிலான எண்ணில் தொடங்கும் துணை ஃபோல்டர்களில் படங்களை வைக்கின்றன. படத்தின் பெயர் நான்கு எழுத்துகளும் 0001 முதல் 9999 வரையிலான ஓர் எண்ணுமாக இருக்கும். இது 1998-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட டிசிஎஃப் விதி. ஒரு நிறுவனத்தின் கேமராவில் எடுத்த படத்தை வேறொரு நிறுவனத்தின் பிரிண்டர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. கார்டு நேரடியாகச் செருகப்படும் பிரிண்டர்கள் பல இந்த விதியை நம்பியே படங்களைத் தேடுகின்றன. கணினியில் திருத்திய படத்தை ‘பாப்பா பிறந்தநாள்’ என்று பெயரிட்டுக் கார்டில் அந்த ஃபோல்டருக்கு வெளியே சேமித்தால், அத்தகைய பிரிண்டர் ‘படம் இல்லை’ என்று சொல்லக்கூடும். ரா வகைக் கோப்புகளும், ஐபோன்கள் 2017 முதல் பயன்படுத்தும் ஹெச்இஐசி வகைப் படங்களும், இணையத்துக்கென்று புரோகிரஸிவ் முறையில் சேமித்த ஜேபெக் படங்களும் இப்படியே மாட்டிக்கொள்கின்றன. படங்களைச் சாதாரண ஜேபெக்காக மாற்றி, எளிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பெயரில் டிசிஐஎம் விதிப்படி வைத்தால் இந்தத் தடை பெரும்பாலும் விலகிவிடும்.

இவ்வளவு தடைகளுக்கும் பொதுவான தீர்வு ஒன்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. கார்டில் எழுதிய கருவியே அதைப் படித்துக் கொடுக்கட்டும். கேமரா எழுதிய கார்டின் அடுக்குமுறை அந்தக் கேமராவுக்கு எப்போதும் தெரியும். கார்டைக் கழற்றாமல் கேமராவை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தால், பிடிபி என்ற முறையில் கேமரா தானே கார்டைப் படித்துப் படங்களை ஒவ்வொன்றாகக் கணினிக்குக் கொடுக்கும். கார்டு எஸ்டிஎச்சியா எக்ஸ்சியா, ஃபைல் சிஸ்டம் எது என்ற கவலை கணினிக்கு இல்லை. போனும் இதே வழியில் தன் கார்டில் உள்ளதைக் கொடுக்கும். உள் சேமிப்பாகப் பூட்டிய கார்டில் இருக்கும் படமும் இப்படிக் கிடைத்துவிடும். 2003-ல் வந்த பிக்ட்பிரிட்ஜ் தரமும் இதே யோசனையில் அமைந்ததுதான்: கேமராவும் பிரிண்டரும் கேபிளால் நேரடியாகப் பேசிக்கொள்ளும், கார்டு கேமராவை விட்டு வெளியே வராது. துளைக்கே வழியில்லாத எக்ஸ்டி கார்டுக்கும், பழைய கேமராவும் அதன் கேபிளும் பத்திரமாக இருந்தால் இதுவே வழி. அதனால்தான் பழைய கேமராவைத் தூக்கிப்போடுமுன் அதன் கார்டில் உள்ளதை நகல் எடுத்துவிட வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு உருவாக்கியவர்கள்தானே காரணம், வாங்கியவர் ஏன் பாடம் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளே முறையை மாற்றியவர்கள் வெளியே உருவத்தையும் மாற்றியிருந்தால், பொருந்தாத கார்டு பழைய துளையில் நுழைந்தே இருக்காது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் புதிய கேமரா வாங்கிய ஒவ்வொருவரும் பழைய கார்டுகளைக் கழிக்க வேண்டியிருக்கும். ஸ்மார்ட்மீடியாவும் எக்ஸ்டியும் வைத்திருந்தவர்களுக்கு அதுதான் நேர்ந்தது. ஒரே உருவத்தைக் காத்ததால்தான் இன்றைய ரீடரில் 2003-ல் வாங்கிய 128 எம்பி கார்டையும் படிக்க முடிகிறது. முடிவு சரிதான். அந்த முடிவின் விலையை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாததுதான் குறை. எழுத்துகளிலும் எண்களிலும் ஏழெட்டு முத்திரைகளை ஒரு விரல்நுனி அளவுக் கார்டில் நெருக்கி அச்சிட்டால், எது பொருத்தம், எது வேகம் என்று சாதாரண மனிதர் எப்படிப் பிரித்தறிவார்? குறை அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டாலும், இழப்பு நம்முடையது. அதனால்தான் இந்த நாலு விஷயத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் யார் கார்டு கொண்டுபோகிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைக்காரர் போட்டுத் தருவாரே என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே போகிறது. பெரும்பாலும் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். 4×6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால், நீளத்தில் 1,800 பிக்சல் வேண்டும்; 1,600 இருந்தால் குறை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே படத்தை 12×18 அங்குலத்தில் கூடத்துச் சுவருக்குப் போட்டால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது, முகங்கள் மழுங்கிவிடும். அதுமட்டுமல்லாமல், எடுத்த தேதி போன்ற விவரங்களும் அப்படி அனுப்பும்போது உதிர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். அப்போது அது சுருங்காமல் போகும். ஒன்றிரண்டு படத்துக்கு இது போதும். ஓர் ஆல்பத்துக்கான முந்நூறு படங்களுக்கும், கேமராவில் எடுத்த பெரிய கோப்புகளுக்கும் கார்டோ பென்டிரைவோதான் இன்னும் கைகொடுக்கிறது.

ஃபார்மட் செய்தால்தான் என்ன, மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். விரைவு ஃபார்மட் கோப்புகளின் பட்டியலை மட்டும் அழிக்கிறது. மேலே எதுவும் எழுதப்படாதவரை படங்களைத் தேடி எடுக்க வாய்ப்புண்டு என்பது சரி. ஆனால் விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் கார்டு முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்புகிறது; அதற்குப் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. மீட்டாலும் கோப்பின் பெயர்களும் வரிசையும் கலைந்து, சில படங்கள் பாதியோடு நின்று வரும். உண்மையிலேயே கெடும் கார்டுகள் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கழற்றிய கார்டு, 16 ஜிபியை 128 என்று காட்டி விற்கப்படும் போலிக் கார்டு, தொடுமுனையில் அழுக்கேறிய கார்டு எல்லாம் நடைமுறையில் இருப்பவைதான். கடைக் கணினியிலிருந்து வைரஸ் ஏறி ஃபோல்டர்கள் மறைந்துபோவதும் உண்டு. கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டுத் தள்ளியை லாக் பக்கம் தள்ளிக் கொடுத்தால் பெரும்பாலான ரீடர்கள் அதில் எழுத விடாது. பழுதா, பொருத்தமின்மையா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. கார்டைத் திரும்பக் கேமராவில் போடுங்கள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே எல்லாம் தெளிவாகத் தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது. குறை கடையின் ரீடரில். கேமராவே ‘கார்டில் பிழை’ என்றால்தான் பழுதைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் முதல் வேலை, அந்தக் கார்டில் புதிதாக எதையும் எடுக்காமல் தனியே எடுத்துவைப்பது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறை எளிதுதான். படம் எடுக்கும் கார்டைப் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் எல்லாப் படங்களையும் கேபிள் வழியாக வீட்டுக் கணினியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ நகலெடுங்கள். பிறகு 8 அல்லது 16 ஜிபி கார்டையோ பென்டிரைவையோ ஃபேட்32 முறையில் தயார் செய்து, பிரிண்டுக்கு வேண்டிய ஜேபெக் படங்களை மட்டும் அதில் போட்டுக் கொடுங்கள். அது தொலைந்தாலும், வைரஸ் ஏறினாலும், யாரேனும் ஃபார்மட் செய்தாலும் அசல் உங்களிடம் இருக்கும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எந்தெந்தக் கார்டை, எத்தனை ஜிபி வரை உங்கள் எந்திரம் படிக்கும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிவையுங்கள். ஒரு புதிய யூஎஸ்பி ரீடரின் விலை, வாடிக்கையாளர் ஒருவர் இழக்கும் படங்களுக்கு முன் ஒன்றுமே இல்லை. திரையில் ஃபார்மட் என்று கேட்டால் இருவரும் சேர்ந்து ரத்து என்பதையே அழுத்துங்கள். கார்டை எப்போது வேண்டுமானாலும் புதிதாக வாங்கலாம். படத்தை வாங்க முடியாது.